வட்டத்துக்கு ஒன்றரை முழம் வெளியே

அது கோல் அல்ல!

நாற்பத்தைந்து ஆண்டுகளாக எங்கள் மலைகளில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்களே, தேவராஜை நாட்டின் ஹொக்கி அணிவரைக்கும் கொண்டுபோன அந்தக் கோல்... அது கோலே அல்ல. விசில் ஊதி அதைக் கோல் ஆக்கியவன் நான். தெரிந்தே ஊதினேன். ஊதிய பிறகு தடயத்தையும் தெரிந்தே அழித்தேன். போன மாதம் அதே பொய்யை மறுபடியும் சொன்னேன். ஒரு முறை ஊரே கேட்க. இன்னொரு முறை ஒரே ஒருவனிடம், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இதற்கு மேல் படிக்க விருப்பமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். குற்றம் இவ்வளவுதான். மீதி எல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான்.

எனக்கு எழுபத்தாறு வயது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கிளாக்கராக இருந்தேன். பதுளையில் கல்லூரியில் படித்த காலத்தில் ஹொக்கி விளையாடினேன். நடுவர் பரீட்சையும் எழுதிச் சித்தியடைந்தேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஹொக்கியின் விதிகளைப் புத்தகத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். எந்தத் தோட்டத்துக்கும் எந்தத் தோட்டத்துக்கும் போட்டி என்றாலும் விசில் என் கழுத்தில்தான் தொங்கும்.

"கிளாக்கரய்யா ஊதுனா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள்.

அந்த வார்த்தையை நான் எவ்வளவு விரும்பினேன் தெரியுமா?

எங்கள் பிள்ளைகள் கொய்யாக் கிளையை வளைவு பார்த்து வெட்டி, நெருப்பில் வாட்டி, மட்டை செய்து விளையாடியவர்கள். தொழிற்சாலைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவே இருந்த மைதானம்தான் எங்கள் உலகம். ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டு தேயிலைக்குள் போய்விட்டால் கொழுந்து பறிக்கிற பெண்கள்தான் தேடிக் கொடுப்பார்கள். "ஏய், இந்தா ஒங்க முட்டை!" என்று வீசி எறிவார்கள்!

அந்த மைதானத்தில் வளர்ந்தவன் தேவராஜ். மருந்தடிக்கிற வேலை செய்தான். முதுகில் மருந்துக் கலனைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய கால்கள் அவை. பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டால்... ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்!

அந்த ஆண்டு தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணத்தின் இறுதிப் போட்டி. எங்கள் தோட்டமும் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டமும் மோதின. மைதானத்தின் ஒரு பாதிக்குப் பதுளையிலிருந்து ஒரு நடுவர் வந்தார். மறுபாதிக்கு நான். என் சொந்தத் தோட்டம் ஆடுகிறதே என்று நானே தயங்கினேன். எதிரணித் தலைவன் பெருமாள் சிரித்தான்.

"ஐயா, ஒங்க மேல நம்பிக்கை இல்லாட்டி நாங்க மலை எறங்கியே வந்திருக்க மாட்டோம்."

கோடு போட்டதும் நான்தான். சுண்ணாம்பு வந்து சேரவில்லை. ஸ்டோரில் டொலமைட் மூட்டைகள் இருந்தன. தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தூவுகிற வெள்ளைத் தூள் அது. கோல் கம்பத்தில் கயிறு கட்டி அளந்து, ஓட்டை போட்ட தகரத்திலிருந்து அந்தத் தூளைத் தூவி, இரண்டு பக்கமும் அரைவட்டம் வரைந்தேன். பார்க்க என்னவோ சுண்ணாம்பை விடப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது தூள். ஒட்டாது. காலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்...

ஹொக்கி தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன். எல்லாமே அதில்தான் இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு முன்னால் இருக்கிற அந்த அரைவட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல். வெளியே இருந்து அடித்த பந்து நேராக வலைக்குள் போனாலும் கோல் இல்லை. ஆட்டம் தடுத்தவர்களின் பந்தோடு மறுபடி தொடங்கும்.

அன்று காலை இரண்டு அணிகளையும் வரிசையில் நிறுத்தி இதை விளக்கினேன். எதிரணியின் கோல் காப்பாளன் மாரிமுத்து, மெலிந்த உயரமான இளைஞன், கையைத் தூக்கினான்.

"அப்ப வெளிய இருந்து வந்தா நான் என்னாங்க செய்யணும்?"

"தொடாதே. தடுத்தால் பந்து திரும்பி அவர்களுடைய மட்டையில் விழலாம். விட்டுவிடு. பந்து உங்களுடையதாகிவிடும்."

"சும்மா விட்டுடலாங்களா?"

"சும்மா விட்டுவிடலாம்."

இதைச் சொன்னவன் நான். என் வாயால் சொன்னேன்.

போட்டியன்று தோட்டத்தில் அரை நாள் வேலைதான். கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள் பெண்கள். தப்பு அடித்தார்கள். தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. தொழிற்சாலைப் பக்கம் ஒரு நாற்காலியில் கொழும்பிலிருந்து வந்த தேர்வாளர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளை ஒருவனைப் பார்க்க அப்படி ஒருவர் மலையேறி வந்தது அதுதான் முதல் முறை!

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்கள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். தேவராஜின் மட்டையில் பந்து!

நடு மைதானத்தில் எடுத்தான். ஒருவனை இடப்பக்கம் ஏமாற்றினான். இரண்டாமவன் விழுந்தே போனான். மூன்றாமவனின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு மறுபக்கம் ஓடிப் பிடித்தான். தப்புச் சத்தம் நின்றுவிட்டது. அடிப்பவனே அடிக்க மறந்துவிட்டான்! நான் அவனுக்குப் பக்கவாட்டில் ஓடினேன். நடுவராக ஓடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பந்தோடு ஓடினேன். அவனோடு ஓடினேன். "அடிடா... அடிடா..." என்று என் உள்ளே எவனோ கத்திக்கொண்டிருந்தான்.

அடித்தான்.

அந்தச் சத்தம்! காய்ந்த மூங்கில் வெடித்ததைப் போல ஒரு சத்தம். அவன் மட்டை மண்ணைக் கீறிய இடத்தையும் பார்த்தேன். அதற்கு முன்னால், ஈரத்தில், வெள்ளையாக, என் கோட்டையும் பார்த்தேன். கீறலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒன்றரை முழம். அவன் வட்டத்துக்குள் போகவே இல்லை.

மாரிமுத்துவும் பார்த்துவிட்டான். உரச்சாக்கில் பஞ்சு அடைத்துத் தைத்த பேட் கட்டியிருந்த இடது காலை மெல்லத் தூக்கிப் பந்தை உள்ளே விட்டான். கையை நீட்டிக் கோட்டைக் காட்டினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். காலையில் சொன்ன பாடத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் பாருங்கள் என்கிற சிரிப்பு அது.

"வெளியங்க, ஐயா!"

நான் விசில் ஊதினேன். கையை நடு மைதானத்தை நோக்கி நீட்டினேன்.

கோல்!

ஏன் செய்தேன்? இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கள் மக்களில் ஒருவன் மேலே போகட்டும் என்று செய்தேன் என்றேன். அந்தக் குடைக்குக் கீழே இருந்த மனிதர் ஒரு முறைதான் வருவார் என்றேன். எல்லாம் பிறகு தேடிப்பிடித்தவை. அந்த நொடியில் எனக்கு மக்களும் இல்லை, தேர்வாளரும் இல்லை. அப்படி ஓடிவந்த ஓட்டம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

அதோடு நின்றிருந்தால்கூட, உணர்ச்சியில் பிழை செய்துவிட்டான் கிழவன் என்று நீங்கள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்திருக்கலாம். அது அதோடு நிற்கவில்லை.

பெருமாள் ஓடிவந்தான். "ஐயா, கோட்டை வந்து பாருங்க! எல்லாரும் வாங்க, கோட்டைப் பாப்போம்!" அவனுக்குப் பின்னால் அவனுடைய ஆட்கள். எங்கள் ஆட்களோ தேவராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். என் சப்பாத்து கோட்டின் மேல் இருந்தது.

அப்போது எனக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. தலை தெளிவாக இருந்தது. காலை ஒரு முறை இழுத்தேன். வெள்ளை சேற்றில் கலந்தது. இன்னொரு முறை இழுத்தேன். இரண்டடி தள்ளி நின்று அங்கேயும் இழுத்தேன். யாரையோ எதிர்பார்த்து நிற்பவன் சும்மா மண்ணைக் கிளறுவதைப் போல, நிதானமாக...

"எங்கங்க கோடு?" என்றான் பெருமாள்.

"மழையில் கரைந்துவிட்டது. டொலமைட்தானே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலை குனிந்துகொண்டான். "ஐயா சொன்னா சரிங்க."

தேவராஜ் கொழும்புக்குப் போனான். நாட்டுக்காக ஆடினான். பத்திரிகையில் அவன் படம் வந்தபோது லயங்களில் பட்டாசு வெடித்தார்கள். நானும் ஒரு சரம் வாங்கிக் கொடுத்தேன்! அவன் திறமைசாலி. அந்தக் கோல் இல்லாமலேயே போயிருக்கக்கூடும். போயிருக்க மாட்டானோ? அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நான் அல்லவா காலால் அழித்தேன்!

மாரிமுத்துவின் கதை வேறு. பந்தைத் தடுக்காமல் காலைத் தூக்கியவனை அவன் தோட்டம் சும்மா விடுமா? எங்கள் ஆட்களிடம் சாராயப் போத்தல் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்று பேச்சு எழுந்தது. "காலைத்தூக்கி" என்று பட்டம் வைத்தார்கள். வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போதே எவனாவது ஒருவன் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பானாம். எல்லோரும் சிரிப்பார்களாம். நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அவன் மலையை விட்டே போனான். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலிக்கு இருப்பதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டேன் என்று எவ்வளவு எளிதாக எழுதுகிறேன், பாருங்கள்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து படித்துப்போய்க் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, தேவராஜின் பெயரில், பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். அதே மைதானத்தில்! பண்டாரவளை, வெலிமடை, பதுளை என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் அணிகள். ஆண்களும் பெண்களும். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரு வாரமாக அறிவித்தார்கள். எனக்கு மூன்று இரவுகள் தூக்கமே இல்லை. அச்சத்தால் என்று நினைக்கிறீர்களா? இல்லை, ஆசையால்! மறுபடி மட்டைச் சத்தம் கேட்கப்போகிறேன் என்கிற ஆசை. என் வயதில் அந்த ஆசை ஒரு வெட்கம்தான்.

நுழைவாயிலில் பெரிய பேனர். தேவராஜ் பந்தை அடிக்கிறான். பின்னால், கோல் வாயிலில், ஒற்றைக் காலைத் தூக்கியபடி வாயைப் பிளந்து நிற்கிறான் ஒரு கோமாளி. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதிப் போட்டிக்கு முன் நான் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கோலை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருக்கிற ஒருவன், அதற்கு விசில் ஊதியவன் அல்லவா? நான் ஒரு முடிவோடுதான் போனேன். நம்புங்கள். உண்மையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான்கே வரி.

மேடையில் தேவராஜ் என்னைக் கட்டிக்கொண்டான். தலை நரைத்து, வயிறு தள்ளி, ஆனால் அதே கண்கள். ஒலிவாங்கியில் சொன்னான்: "கிளாக்கரய்யா அன்னிக்கு விசில் ஊதலைன்னா, நான் இன்னும் மருந்துதான் அடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்!"

கைதட்டல். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? ஓடிவந்து அடித்தவனுக்குத் தன் காலடியில் கோடு இருந்ததா என்று தெரியாமலும் இருக்கலாம். நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். தாளை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டேன். முன்வரிசையில் புழுதிபட்ட முழங்கால்களோடு பிள்ளைகள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று, "நடு மைதானத்தில் தேவராஜ் பந்தை எடுத்தான்..." என்றேன்.

அவ்வளவுதான். நான் போய்விட்டேன்!

முதலாமவனை ஏமாற்றினேன். இரண்டாமவனை விழுத்தினேன். மூன்றாமவனின் கால்களுக்கு நடுவே பந்தைவிட்டு ஓடினேன். என் கை தாளை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்திருந்தது. பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "வட்டத்துக்குள் கால் வைத்தான்!" என்று நான் கத்துவது எனக்கே கேட்டது.

"கோல்!" என்று மைதானமே அலறியது.

அறிவிப்பாளப் பையன் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தான். "கோலி என்னா செஞ்சாரு, ஐயா? காலைத் தூக்கிட்டு கும்புடு போட்டாரா?"

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆமாம். நானும் சிரித்தேன்.

இறுதிப் போட்டி அற்புதமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். வெலிமடைப் பெண்பிள்ளைகள் ஆடிய ஆட்டம்! தோற்றார்கள், ஆனாலும் என்ன ஆட்டம்! தொண்டை கிழியக் கத்தினேன். முடிந்ததும் தேநீர்க் கடைப் பக்கம் போனேன். கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான். பிறகு ஒதுங்கிய இடத்திலிருந்தே கேட்டான்.

"ஐயா, என்னையத் தெரியுதுங்களா?"

தெரியவில்லை.

"கோலி மாரிமுத்துங்க."

என் கையிலிருந்த தேநீர் சிந்தியது. அவன் சட்டென்று கோப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். வெடித்த, மண்ணேறிய விரல்கள்.

"பேத்தி வெளையாடுறாங்க, வெலிமடை டீம்ல. பதினோராம் நம்பரு. அதைப் பாக்கத்தான் வந்தேன். வாசல்ல என்னைய வரைஞ்சு வச்சிருக்காங்கன்னு தெரியாதுங்களே!" சிரித்தான். "காலு நல்லா வந்திருக்கு. மூஞ்சிதான் நம்மளுது இல்ல."

நான் பேனர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஒன்னு கேக்கலாங்களா, ஐயா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேள்."

"அன்னிக்கு நான் நின்ன எடத்துல இருந்து பாத்தா, பந்து வெளிய இருந்து வந்த மாதிரிதாங்க இருந்துச்சு. அதான் விட்டேன். சாராயம் வாங்கிட்டேன்னாங்க. வாங்கலை, அது எனக்குத் தெரியும். ஆனா என் கண்ணு பிசகுச்சா இல்லையான்னு மட்டும் இன்னிய வரைக்கும் தெரியலைங்க. ஐயா பக்கத்துல நின்னீங்க..." குரலைத் தாழ்த்தினான். "நீங்க பேசி முடிச்சதும் பேத்தி வந்து கேக்குது, 'தாத்தா, அது நீங்களா?'ன்னு. என்னா சொல்றதுன்னு தெரியல. ரெண்டுல ஒன்னு தெரிஞ்சா போதுங்க."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவ்வளவு எளிய கேள்வி. 'வெளியேதான்' என்கிற ஒரு சொல். சுற்றிலும் யாரும் இல்லை. ஒலிவாங்கி இல்லை. பேசி மயங்குவதற்கு ஓட்டமும் இல்லை, பந்தும் இல்லை. கிழவன் ஒருவன், கையில் என் தேநீரைப் பிடித்தபடி.

"உள்ளேதான், மாரிமுத்து" என்றேன். "மயிரிழையில் உள்ளே. நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் வெளியே என்றுதான் தோன்றியிருக்கும்."

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள்! பொய்க்கு மேலே கொஞ்சம் இரக்கமும் பூசிக் கொடுத்தேன்.

அவன் மைதானத்தின் பக்கம் திரும்பினான். பிள்ளைகள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப என் கண்ணுதான்" என்றான். "சரிங்க. தெரிஞ்சிருச்சில்ல, போதும்." கோப்பையை என் கையில் கொடுத்தான். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினான். "இத்தனை வருசமா ஐயா மேலதான் தப்புன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேங்க. மன்னிச்சுக்கணும்."

"பரவாயில்லை" என்றேன்.

மன்னித்தேன்! அவனை நான் மன்னித்தேன்!

பதினோராம் எண் சட்டை போட்ட ஒரு சிறுமி மட்டையோடு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் பேருந்துக்கு நடந்தார்கள். அவன் குனிந்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதி முடிக்கையில் நெஞ்சில் ஏதோ ஒரு நிம்மதி எட்டிப்பார்க்கிறது. அதை நம்பாதீர்கள். நானும் நம்பவில்லை. மாரிமுத்துவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பழைய போட்டியன்று காலை வீரர்களின் பட்டியலில் அவன் கைநாட்டுத்தான் வைத்தான். மைப்பெட்டியை நீட்டியவனே நான்தான். வாயால் சொல்ல வேண்டியதை, அவனால் படிக்க முடியாத எழுத்தில், அவனைத் தவிர எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேத்தி படித்துக் காட்டுவாளே என்பீர்களா? அப்படியானால் அந்தச் சுமையையும் ஒரு சிறுமியின் தலையில் ஏற்றப் பார்க்கிறேனா?

பதுளையில் காலை ஏழு மணிக்கு வெலிமடைக்கு ஒரு பேருந்து இருக்கிறது. இந்த மாதத்தில் நான்கு முறை நிலையத்துக்குப் போய்விட்டேன். நேற்று படியில் கால்கூட வைத்தேன். "ஏறுங்கய்யா, சீட்டு இருக்கு" என்றான் நடத்துநர்.

காலை எடுத்துக்கொண்டேன். பேருந்து போய்விட்டது.